கிளிஞ்சக்காட்டுக் கிணறு

12.5.1979, சனிக்கிழமை.

இன்று செய்த தப்பு: அரியலூர் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம், எங்கள் நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று சொன்னேன். பையில் இருந்த கிளிஞ்சல் கல்லையும் எடுத்துக் காட்டினேன். சாரிடம் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் சொன்னது தப்பு. பேச்சு ருசியில் ஒரு பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

நாளை வேலை: கிணற்று ஆட்களுக்குக் கூழ் காய்ச்ச வேண்டும். வெங்காயம் உரிக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் மலர்கொடி 'பேச்சு ருசி' என்பதை அடித்தாள். அடித்தது சரியில்லை என்று பட்டது. அதற்கு மேலேயே மறுபடி அதையே எழுதினாள்.

பத்தொன்பது வயது அவளுக்கு. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது பகலில் எந்தக் கூலி வேலை கிடைத்தாலும் போய்விட்டு, சாயங்காலம் அரியலூரில் ஒரு டுடோரியலில் எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தாள். கிருஷ்ணமூர்த்தி சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தெனம் டைரி எழுதணும். இன்னைக்கு என்ன தப்பு பண்ணுனேன், நாளைக்கு என்ன வேலை. இந்த ரெண்டு போதும். மத்ததெல்லாம் கதை." கூடப் படித்தவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். மலர்கொடி விடவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தப்பைப் பொறுக்கி எடுப்பதற்குள் சிம்னி விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிடும்.

அவர்களுடைய ஒன்றரை ஏக்கர், கல்லங்குறிச்சிக்குக் கொஞ்சம் தள்ளி, சாலையைவிட்டு உள்ளே கிடந்தது. அப்பா அரியமுத்துவுக்கு அதில் பட்டா கிடைத்து மூன்று வருடம். ஊரில் அதற்குப் பெயர் கிளிஞ்சக்காடு. ஏர் பூட்டினால் கொழுவில் கடகடவென்று ஓடு உடையும். கையகலக் கிளிஞ்சல்கள், எல்லாம் கல்லாகிப் போனவை. சில யானை நகம் போல வளைந்திருக்கும். சிலவற்றின் விளிம்பு சீப்புப் பல் போல இருக்கும். யாரும் கேட்காத நிலம் என்பதால்தான் தன் கைக்கு வந்தது என்று அரியமுத்துவுக்கும் தெரியும். "கல்லோ மண்ணோ, எம் பேருல இருக்குல்ல" என்பார்.

தண்ணீர்தான் இல்லை. அவர்கள் தெருவில் ஒரு அடிபம்பு. சித்திரையில் அடித்தால் காற்று வரும். மேலத்தெருக் கிணற்றுக்குப் போனால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, யாராவது மனது வைத்து இறைத்து ஊற்றும் வரைக்கும் நிற்க வேண்டும். தாய் ஆண்டாயிக்கு அந்த நிற்பது ஆகாது. "காத்துக் கெடந்து குடிக்கிற தண்ணி தாகத்த அடக்குமா?" என்று வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள்.

அதனால்தான் மாசியில் கிணறு வெட்ட ஆரம்பித்தார்கள். அரியமுத்துவும் மகன் மதுரைவீரனும் இறங்கி வெட்ட, தெருக்காரர்கள் மாத்தாளாக வந்தார்கள். இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. கூழும் கருவாட்டுக் குழம்பும் வீட்டில். செம்மண் போய், மஞ்சள் களி போய், வெளிறிய சுக்கான் கல் போய், சித்திரை பிறந்தபோது கிளிஞ்சல் பாறை தட்டியது. ஒவ்வொரு நிறம் மாறும்போதும் மலர்கொடி ஒரு கட்டி எடுத்து வந்து வீட்டு வேலியோரமாக வரிசை வைத்தாள்.

"எதுக்குடி இது? சாமியா நட்டுக் கெடா வெட்டப் போறியா?" என்றான் மதுரைவீரன்.

"எது மேல எது இருந்துச்சுன்னு தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு?"

அவள் அடுத்த கட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். வரிசையில் வைத்தாள்.

கிணற்றுக்கு மதுரைவீரன் பக்கத்துக் காரணம் ஒன்றும் இருந்தது. கொள்ளிடக் கரையில், ஏலாக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் கரும்பு வெட்டப் போன இடத்தில் சாந்தாவைப் பார்த்திருந்தான். சாந்தாவும் பார்த்திருந்தாள். பெண்ணின் அப்பா இராமலிங்கத்துக்குச் சம்மதம். வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகப் பேச்சு.

திங்கட்கிழமை வெயில் ஏறிய நேரத்தில் தரகர் செல்லக்கண்ணு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் வந்தார். வந்தவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். மண் மேட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்ன மாமா, பசியா?" என்றாள் மலர்கொடி.

"உப்புக் கரிக்குதான்னு பாத்தேன். யாத்தா, நீ பஸ் ஸ்டாண்டுல யாருகிட்டயாச்சும் என்னமாச்சும் சொன்னியா?"

அவள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். "ஒரு அம்மாகிட்ட... வெத்தலைப் பை வெச்சிருந்தாங்க. எங்க போறன்னு கேட்டாங்க, சொன்னேன்."

"என்னன்னு?"

"எங்க நெலம் முன்னாடி கடலா இருந்துச்சுன்னு. கிளிஞ்சல் காட்டுனேன். அண்ணனுக்குப் பொண்ணு பாத்துருக்கு, அதுக்குள்ள கெணறு முடியணும்னு..."

"முடிஞ்சுது" என்றார் செல்லக்கண்ணு. "அந்த அம்மா பேரு கொளஞ்சியம்மா. சாந்தாவோட அத்தை. தாயில்லாப் புள்ளையத் தூக்கி வளத்தது அதுதான். ஊருக்குப் போயி இராமலிங்கத்துகிட்ட என்ன சொல்லிருக்கு தெரியுமா? அந்த வூட்டுக் கெணத்துல கடத்தண்ணி வருமாம், அந்தப் பொண்ணே சொல்லுதாம், படிச்ச பொண்ணாம். கொள்ளிடத்துத் தண்ணி குடிச்சு வளந்த புள்ளைய உப்புத்தண்ணிக்குக் குடுக்க மாட்டேன்னு நிக்கிது."

கிணற்றுக்குள்ளிருந்து மதுரைவீரன் தலை நிமிர்ந்து கேட்டான்: "அப்ப ஞாயித்துக்கெழம வரலையா?"

"வருது. பருப்போட வருது."

கொள்ளிடக் கரை ஊர்களில் அது ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் பெண்கள் முந்தானையில் ஒரு பிடி துவரம்பருப்பு முடிந்து வருவார்கள். அந்த வீட்டு அடுப்பில், அந்த வீட்டுத் தண்ணீரில் வேக வைப்பார்கள். வெந்தால் தாம்பூலம். வேகாவிட்டால் எழுந்துவிடுவார்கள். வேகாத தண்ணீருள்ள வீட்டில் பெண் ஆயுளுக்கும் அடுப்பை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கணக்கு.

அன்று மலர்கொடி எழுதினாள்: இனிமேல் கேட்டாலொழிய எதுவும் சொல்வதில்லை.

தெருவுக்குச் செய்தி போனது. அடுத்த நாள் முதல் கிணற்றோரம் வருபவர்களுக்கெல்லாம் அதுவே பேச்சு. "ஏம்ப்பா மதுரவீரா, கருவாடு ஆப்புட்டுச்சா?" "கப்பல் கிப்பல் ஏதாச்சும்?" பக்கத்துக் காட்டு தர்மராஜ் ஒரு வலைத்துண்டைக் கொண்டுவந்து கிணற்று மேட்டில் காயப் போட்டுவிட்டுப் போனான். மதுரைவீரன் அதை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வேலை செய்தான். கடப்பாரை கிளிஞ்சல் பாறையில் ணங்கென்று விழும்போதெல்லாம் பொறி பறந்தது. சனிக்கிழமை மத்தியானம், பாறையின் வெடிப்பு ஒன்றில் கசிவு கண்டது. சாயங்காலத்துக்குள் கணுக்கால் அளவு நின்றது. அரியமுத்து ஒரு கை அள்ளிக் குடித்தார். இன்னொரு கை அள்ளினார்.

"உப்பில்ல" என்றார்.

ஆண்டாயி வேகமாக வீட்டுக்குப் போனாள். உப்புச் சட்டியை எடுத்து எங்கேயோ மறைத்து வைத்தாள். "நாளைக்கு இந்த வூட்டுல உப்புங்கிற பேச்சே வரக்கூடாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வந்தார்கள். இராமலிங்கம் ஒல்லியாக, வெள்ளைச் சட்டை போட்டு, சிரிப்பதற்கு யாரிடமோ அனுமதி கேட்பவர் போல இருந்தார். முன்னால் வந்தது கொளஞ்சியம்மாள். மலர்கொடியைப் பார்த்ததும் நின்றாள்.

"வா, வாத்தியாரம்மா. கடல் எங்க இருக்கு? பாத்துட்டுப் போவம்."

"வாங்க பெரியம்மா" என்றாள் மலர்கொடி. பாயை எடுத்து விரித்தாள்.

மோர் கொடுத்தார்கள். கொளஞ்சியம்மாள் குடிக்கவில்லை. "மோருல எல்லாந் தெரியாமப் போயிரும். தண்ணி குடுங்க." செம்பை வாங்கி, ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினாள். அடுத்த வாயை நாக்கில் நிறுத்தி வைத்தாள். முழுங்கினாள். ஏமாந்து போனவள் முகம்.

"உப்பில்ல."

ஆண்டாயி மூச்சை விட்டாள். "அதான் அக்கா நாங்களும்..."

"அடுப்பு எங்க?"

முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி சொன்னாள்: "சாந்தா ஒரு பிடி பொறுக்கிக் குடுத்தா. பொடிப் பருப்பா, மெத்துன்னு வேகுற பருப்பாப் பாத்துப் பொறுக்கிருக்கா கழுத. என்னைய ஏமாத்தலாம்னு. அத வூட்டுலயே கொட்டிட்டு, திருமானூர்க் கடையில வேற வாங்கிட்டு வந்தேன்."

கூரைக்கு வெளியே நின்றிருந்த மதுரைவீரன் திரும்பி வேலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். சாந்தா பருப்பு பொறுக்கியிருக்கிறாள்.

அடுப்பு எரிந்தது. ஆண்டாயி விறகு தள்ளினாள். பருப்பு கொதித்தது. நுரை வந்தது. பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்தார்கள். மழை, கரும்பு விலை, இராமலிங்கத்தின் கால்வலி. பருப்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. கொளஞ்சியம்மாள் கரண்டியில் நாலு பருப்பு எடுத்து ஊதி, விரலில் நசுக்கினாள். நசுங்கவில்லை. பல்லில் வைத்தாள். கடக் என்று கேட்டது. எல்லோருக்கும் கேட்டது.

"சுண்ணாம்புத் தண்ணி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னாள். அதுதான் மலர்கொடிக்குத் தாங்கவில்லை. "கெணறு பூரா கிளிஞ்சப் பாறை. அதுல ஊறி வர்ற தண்ணி வேற எப்படி இருக்கும்? ஒங்களக் குத்தம் சொல்லல ஆண்டாயி. புள்ள நல்ல புள்ள. தண்ணிக்கு யாரு என்ன பண்ணுவா."

அரியமுத்து துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். இராமலிங்கம் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தார்.

மலர்கொடி வெளியே வந்தாள். வேலியோரம் அவளுடைய வரிசை இருந்தது. செம்மண், மஞ்சள் களி, சுக்கான், கிளிஞ்சல். கடைசியில் நேற்றுத் தண்ணீர் கசிந்த இடத்தில் உடைத்தெடுத்த கட்டி. அதை எடுத்துப் புரட்டினாள். மேல் பக்கம் முழுக்கக் கிளிஞ்சல். அடிப்பக்கம் விரல் பட்ட இடம் சொரசொரவென்றது. மணல். பருமணல், கட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மிளகு அளவு உருண்டைக் கற்கள்.

அவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதுமே பயமும் வந்தது. போன தடவை தோன்றியதைச் சொன்னதால்தான் இவ்வளவும். கேட்டாலொழிய பேசுவதில்லை என்று எழுதியாகிவிட்டது. உள்ளே கொளஞ்சியம்மாள் முந்தானையைச் சரிசெய்கிறாள். பஸ் பதினொன்றரைக்கு.

கட்டியை எடுத்துக்கொண்டு நேராக இராமலிங்கத்திடம் போனாள்.

"மாமா, இது என்ன மணலுன்னு சொல்லுங்க."

அவர் வாங்கி, கட்டை விரலால் தேய்த்து உதிர்த்தார். உள்ளங்கையில் பரப்பினார். "ஆத்து மணல் மாரில்ல இருக்கு. எங்க எடுத்த?"

"கெணத்து அடியில. கிளிஞ்சலுக்குக் கீழ."

"அதுக்கென்ன இப்ப?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

மலர்கொடி அவர் உள்ளங்கை மணலைக் காட்டினாள். "பெரியம்மா, நான் சொல்றது தப்பா இருந்தாலும் இருக்கும். கடல் வந்துச்சுன்னா ஒரேயடியா ஆழமா வந்து நின்னுருக்காதுல்ல. கொஞ்சங் கொஞ்சமா ஏறித்தான வந்துருக்கும். அப்ப மொதல்ல இங்க என்ன இருந்துருக்கும்? கரை. கரைன்னா மணல். அதுக்கப்புறந்தான் தண்ணி ஏறி, கிளிஞ்சலு வந்து மேல படிஞ்சிருக்கும். எது மொதல்ல வந்துச்சோ அது அடியில இருக்கணும். நம்ம கிளிஞ்சலோட நின்னுட்டோம். அதுக்குக் கீழ அந்தக் கரை இருக்கணும்."

அடுப்பில் பருப்பு மட்டும் கொதித்தது.

"கரை இருந்தா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"அது எனக்குத் தெரியல. மணல்ல தண்ணி எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

கொளஞ்சியம்மாள் தம்பியின் உள்ளங்கையிலிருந்து மணலைக் கிள்ளி எடுத்துத் தேய்த்தாள். கோடையில் கொள்ளிடம் வற்றினால் அவள் ஊர்ப் பெண்கள் மணலில் கையால் பறித்து ஊற்று எடுப்பார்கள். முழங்கை ஆழத்தில் வந்து நிற்கும். அதில் பருப்பு வைத்தால் ஒரே கொதியில் குழைந்துவிடும். அவள் சிறுமியாக இருந்தபோதிருந்து பறித்த ஊற்று எத்தனை இருக்கும்.

"மணல்னா... மணலுத் தண்ணி நல்லாத்தான் இருக்கும்" என்றாள், பிடிக்காத ஆளைப் புகழ்வது போல. "ஆனா இருக்கணும்ல. இவ சொல்றாளேன்னு இருந்துருமா?"

"ஒரு வாரம் குடுக்கா" என்றார் இராமலிங்கம். அன்று அவர் சொந்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து ஆண்டாயியிடம் கொடுத்தார்.

அரியமுத்து பதறி எழுந்தார். "என்ன மச்சான் இது. பொண்ணு குடுக்க வந்தவரு கெணத்துல எறங்கலாமா? ஊரு சிரிக்காது?"

"இன்னும் குடுக்கலையே மாமா. குடுத்துட்டா எறங்கக்கூடாது. அதனாலதான் இப்பவே எறங்குறேன்."

"நீ இங்கயே தங்கப்போறியா?" என்றாள் அக்காள்.

"நாலு நாளைக்கு."

"சம்பந்தமே முடியல. அவங்க வூட்டுல தங்குவியா?"

"முடிஞ்சாலும் தங்கக்கூடாதும்ப. எனக்கு எப்பத்தான் தங்குறது?"

கொளஞ்சியம்மாள் தனியாகப் பஸ் ஏறப் போனாள். சாலை வரைக்கும் மதுரைவீரன் கொண்டுபோய் விட்டான். பஸ் வரும் நேரத்தில் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். உருண்டையான ஒரு கல், எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் முதுகில் ஐந்து இதழ் விரிந்த பூ, யாரோ ஊசியால் குத்திக் கோலம் போட்டது போல.

"என்னடா இது?"

"கெணத்துல கெடச்சுது. பூ."

"பூவுன்னா வாசம் வேணாமா?"

"வாடாது பெரியம்மா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதை வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் கிளிஞ்சக்காட்டில் திருவிழா மாதிரி இருந்தது. சம்பந்தியாகப் போகிறவரே இறங்கிவிட்டார் என்றதும் தெருவில் வெட்கம் பிடித்துக்கொண்டது. வலை கொண்டுவந்த தர்மராஜ் சம்மட்டியோடு வந்தான். கசிந்த தண்ணீரைக் காலையில் இறைத்துவிட்டுப் பாறையில் இறங்குவார்கள். வெடிப்பில் ஆப்பு வைத்து அடிப்பார்கள். கூடை மேலே வரும்போது பெண்கள் கைமாற்றிக் கொட்டுவார்கள். ஆண்டாயி கம்மங்கூழைப் பானையோடு தூக்கி வந்து நிழலில் வைப்பாள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், வெங்காயம், சுட்ட கருவாடு. இராமலிங்கத்துக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் ஊற்றினாள். அவர் அதை ஓரம் வைத்துவிட்டு எல்லோரோடும் கையில் ஏந்திக் குடித்தார்.

"எங்கூட்டுல அக்கா இப்படி விடாது" என்றார். "ஒரு வாய்க்கு ஒரு பேச்சு. நீங்க சோறு மட்டும் போடுறீங்க. நல்லா இருக்கு."

"பேச்சு வேணும்னா எங்கம்மாகிட்டச் சொல்லுங்க மாமா. வந்தவங்கன்னு அடக்கி வெச்சிருக்கு" என்றான் மதுரைவீரன். ஆண்டாயி கரண்டியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

புதன்கிழமை கடப்பாரை மெத்தென்று இறங்கியது. மணல். எல்லோரும் கத்தினார்கள். மலர்கொடி விளிம்பில் மண்டியிட்டுப் பார்த்தாள். ஒரு சாண் மணல். அதற்குக் கீழே மறுபடி ணங் என்றது. மறுபடி கிளிஞ்சல்.

"வாத்தியாரம்மா" என்று உள்ளேயிருந்து தர்மராஜ் கூப்பிட்டான். "ஒன் கடலு திரும்பி வந்துருச்சு. என்ன செய்ய?"

சிரிப்பு கிணறு முழுக்க முட்டி மேலே வந்தது. மலர்கொடி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வகுப்பில் சாரிடம் கேட்டாள். கிருஷ்ணமூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாதும்மா. புத்தகத்துல கடல் இருந்துச்சுன்னு ஒரு வரிதான் இருக்கு. நீ பாத்துட்டு வந்து சொல்லு."

அவள் பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். வந்த கடல் கொஞ்சம் பின்வாங்கியிருக்கலாம். மறுபடி வந்திருக்கலாம். வீட்டுக்கு வருகிற ஆள் வாசல் வரைக்கும் வந்து, மறந்ததை எடுக்கத் திரும்பிப் போய் வருவதில்லையா. வீட்டில் அதைச் சொன்னபோது அரியமுத்து, "சரிதான். அப்ப ரெண்டாவது வாசலையும் ஒடைப்போம்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெயில் இறங்கிய நேரம். இராமலிங்கம் போட்ட கடப்பாரை பாதி வரைக்கும் போய் நின்றுவிட்டது. அதை ஆட்டினார். ஆட்டி உருவினார். உருவிய துளையிலிருந்து மணலும் தண்ணீரும் சேர்ந்து குமிழி விட்டு வந்தன. மதுரைவீரன் பக்கத்தில் இன்னொன்று போட்டான். அங்கேயும் வந்தது. பாறையைப் பெயர்க்கப் பெயர்க்க மஞ்சள் மணல் விரிந்துகொண்டே போனது. தண்ணீர் யாரையும் கேட்காமல் ஏறியது. முழங்காலுக்கு வந்ததும் ஆட்கள் கூடை, சம்மட்டி எல்லாவற்றையும் மேலே வீசிவிட்டுக் கயிற்றைப் பிடித்து ஏறினார்கள். தர்மராஜ் வலைத்துண்டை உள்ளே வீசினான். "இனிமே மீன் புடிக்கலாம்" என்றான்.

தெளிய ஒரு ராத்திரி விட்டார்கள். சனிக்கிழமை காலையில் அரியமுத்து வாளியைக் கயிற்றில் கட்டினார். ஆண்டாயி அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் எறைக்கிறேன்."

முதல் வாளியை இழுத்து அவளே குடித்தாள். அடுத்ததைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் கயிற்றை யாரிடமும் கொடுக்கவில்லை. தெருவே குடத்தோடு வந்து நின்றது. ஒவ்வொரு குடத்துக்கும் அவளே இறைத்தாள். "நில்லாத, நில்லாத, கிட்ட வா, இந்தா" என்று யாரையும் ஒரு நிமிஷம் நிற்க விடவில்லை. கை சிவந்துபோனது. மலர்கொடி கயிற்றைக் கேட்டதற்கு, "இன்னைக்கு ஒரு நாளு எங்கிட்ட வராத" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியம்மாள் பருப்போடு வந்து இறங்கினாள். தம்பி கறுத்துப்போயிருப்பதைப் பார்த்து, "சோறு போட்டாங்களா?" என்றாள். "அளவில்லாம" என்றார் அவர். மதுரைவீரனிடம் அவளாகவே சொன்னாள்: "அந்தக் கல்ல சாந்தா அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கா. கேட்டா பூச்சி வராதாம். யாரு சொன்னாங்கன்னு தெரியல." அவன் காதுவரைக்கும் சிவந்தான்.

இந்தத் தடவை அடுப்பில் அவளே உட்கார்ந்தாள். தண்ணீர், பருப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு சொட்டு எண்ணெய். வேறு யாரும் கிட்ட வரக்கூடாது. நுரை வந்தது, அடங்கியது. இரண்டாவது கொதியில் வாசம் மாறியது. ஆண்டாயிக்கும் மலர்கொடிக்கும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கொளஞ்சியம்மாள் கரண்டியால் கிளறினாள். பருப்பு பருப்பாக இல்லை. குழைந்து, மஞ்சள் சேறாக, கரண்டியிலிருந்து இறங்கி வழிந்தது.

அவள் ஒரு கவளம் சோற்றில் பிசைந்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். எல்லோரும் அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழுங்கினாள். இன்னொரு கவளம் எடுத்தாள்.

"என்னக்கா?" என்றார் இராமலிங்கம்.

"உப்பு பத்தல."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஆண்டாயி எழுந்து உப்புச் சட்டியைத் தேடினாள். மாடத்தில் இல்லை, அடுப்படியில் இல்லை. போன சனிக்கிழமை எங்கே மறைத்தாள் என்பது மறந்துபோயிருந்தது. ஒரு வாரமாகக் கருவாடும் மோர் மிளகாயும்தான் வீட்டில் உப்பு. அரியமுத்து, மதுரைவீரன், மலர்கொடி, எல்லோரும் தேடினார்கள். கடைசியில் மதுரைவீரன் கம்பு மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தான். அதற்குள் கொளஞ்சியம்மாள் உப்பில்லாமலே தட்டைக் காலி செய்திருந்தாள்.

"வேணாம், வெய்யி" என்றாள் கையைக் கழுவிக்கொண்டே. "ஆவணியில சாந்தா வந்து பாத்துக்குவா. உப்பெல்லாம் அளவா போடுவா."

இராமலிங்கம் தாம்பூலத் தட்டை எடுத்து அரியமுத்துவிடம் நீட்டினார். வெளியே தர்மராஜ் குலவை போட ஆரம்பித்தான். ஆம்பளை குலவை போடக்கூடாது என்று பெண்கள் அவனை விரட்டிவிட்டு அவர்களே போட்டார்கள்.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது கொளஞ்சியம்மாள் வேலியோரம் நின்றாள். மலர்கொடியின் வரிசையைப் பார்த்தாள். கடைசியாக இப்போது ஒரு பிடி மஞ்சள் மணலும் இருந்தது. கொட்டாங்கச்சியில் வைத்திருந்தாள்.

"இது எல்லாத்துக்கும் கீழயா?"

"ஆமா பெரியம்மா. இன்னும் கீழ என்ன இருக்குன்னு தெரியல."

"தெரிஞ்சா பஸ் ஸ்டாண்டுல எனக்கு மொதல்ல சொல்லு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

27.5.1979, ஞாயிற்றுக்கிழமை.

இன்று செய்த தப்பு: குலவைச் சத்தத்தில் பருப்புச் சட்டியைக் கழுவாமல் விட்டுவிட்டேன். அடியில் காய்ந்துபோனது. கடல் இரண்டு தடவை வந்தது என்று அப்பாவிடம் சொன்னது சரியா தப்பா தெரியவில்லை. அதனால் அதைத் தப்பில் எழுதவில்லை.

நாளை வேலை: சட்டியை ஊற வைத்துத் தேய்க்க வேண்டும். வெயிலுக்கு முன்னால் தெருவிலிருந்து கிணற்றடி வரை வழி செதுக்க வேண்டும். கிளிஞ்சல் காலில் குத்தாமல் அள்ளி ஓரம் போட வேண்டும். காலையில் எல்லோரும் குடத்தோடு வருவார்கள்.